ரசீதில் யார் பெயர்? தில்லியும் நிவாரண நிதியும்: தந்தி முதல் யுபிஐ வரை

1877 ஜனவரி 1ஆம் நாள், தில்லியின் வடபுறத்துப் பெருவெளியில் விக்டோரியா அரசி இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டபோது, சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம் முற்றியிருந்தது. அரசப் பிரதிநிதி லிட்டன் கூட்டிய அந்தத் தர்பாருக்குச் சென்னை ஆளுநரான பக்கிங்காம் கோமகனும் சென்றிருந்தார். பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுக்குள் வைக்கும்பொருட்டு ரிச்சர்டு டெம்பிள் தெற்கே அனுப்பப்பட்டதும் அந்த நாள்களில்தான். நிவாரண வேலையில் மண் சுமந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என அவர் வகுத்த கூலி பின்னாளில் அவர் பெயராலேயே இகழப்பட்டது. தலைநகரில் தீர்மானிக்கப்படும் நிதிக்கும், வட்டாரத்தில் பசித்திருப்பவருக்கும் இடையிலுள்ள தொலைவைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை. இன்று இணையவழிக் கூட்டுநிதி எனப் பேசப்படுவதன் முன்வரலாற்றை இங்கிருந்தே தொடங்கலாம்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள் சென்னையில் ஆளுநர் தலைமையில் ஒரு பொதுக்கூட்டம் கூடியது. அரசின் நிவாரணம் மட்டும் போதாது, பொதுமக்களின் கொடை தேவை என்று அக்கூட்டம் முடிவு செய்தது. வேண்டுகோள் தந்தி வழியே கடல் கடந்து சென்றது. அது யாருக்கு அனுப்பப்பட்டது என்பதே இங்கு முதன்மையானது. இலண்டன், மான்செஸ்டர் முதலிய நகரங்களின் மேயர்களுக்கு அது முகவரியிடப்பட்டிருந்தது. ஒரு மாகாணத் தலைநகரின் கூட்டம், மற்றொரு நாட்டின் நகராட்சித் தலைவர்களிடம் நேரடியாகக் கை நீட்டிற்று. இலண்டன் மேயரின் அலுவலக மாளிகையான மேன்ஷன் ஹவுஸின் பெயரால் தொடங்கப்பட்ட நிதி சில மாதங்களுக்குள் 5 இலட்சம் பவுனைத் தாண்டியது. பிரித்தானிய நகரங்களில் செய்தித்தாள்களும் தேவாலயங்களும் பணம் திரட்டின. தந்தி இல்லையெனில் இந்த வேகம் இயன்றிராது. அந்நாளைய இணையம் அதுவே.

லிட்டனுக்கு இது உவப்பாக இல்லை. தன் அரசைக் கலந்து பேசாமல் விடுக்கப்பட்ட வேண்டுகோள், அரசின் நிவாரணம் தோற்றுவிட்டது என்ற மறைமுகக் குற்றச்சாட்டாக அவருக்குப் பட்டது. முதலில் அதிருப்தி தெரிவித்துவிட்டுப் பின்னரே அவர் இணங்கினார். அவருடைய எதிர்ப்பை வெறும் அகந்தை என ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அதற்குள் ஓர் உண்மையான வினாவும் இருந்தது: அரசு தன் வருவாயிலிருந்து செய்யவேண்டிய கடமையைக் கொடையாளரின் தலையில் இறக்கலாமா? இவ்வினாவுக்கு இருபது ஆண்டுகள் கழித்து ஒரு விடை கிடைத்தது. 1897ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது இந்திய அரசு, கொடை நிதியை எவற்றுக்குப் பயன்படுத்தலாம் என நான்கு நோக்கங்களை வரையறுத்து வெளியிட்டது. உயிரைக் காப்பது அரசின் பொறுப்பு. முகாமில் உள்ளோருக்குக் கூடுதல் வசதி, ஆதரவற்ற குழந்தைகளின் பராமரிப்பு, வெளியே வந்து கேட்கக் கூசும் ஏழைகளுக்கு உதவி, உழவர் மீண்டும் ஏர் பிடிக்க மாடும் விதையும் ஆகியவை கொடையின் பொறுப்பு. காலனிய அரசின் கருணையை நம்பவேண்டியதில்லை. எனினும் அந்தக் கோட்டை அது வரைந்தது என்பதை மறுக்க இயலாது. விடுதலைக்குப் பிந்தைய நிவாரண நிதிகளில் அத்தகைய கோட்டைத் தேடினால் கிடைப்பது அரிது.

1877இன் சென்னை நிதியில் வேறொன்றும் குறிக்கத்தக்கது. அதன் செயலாளரான வில்லியம் டிக்பி ஒரு பத்திரிகையாளர். மாவட்டந்தோறும் வட்டாரக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் ஆங்கிலேய அதிகாரிகளுடன் உள்ளூர் இந்தியரும் இருந்தனர். கஞ்சித்தொட்டிக்கு வர மறுத்த கோஷாப் பெண்கள் எந்தத் தெருவில் இருக்கின்றனர், எந்த உழவனின் மாடு செத்தது என்பதை அறிந்தவர்கள் அவர்களே. மழை பெய்து நிலைமை சற்றுத் தேறியதும், நவம்பரில், இனிப் பணம் வேண்டாம் எனச் சென்னையிலிருந்து தந்தி சென்றது. 'போதும்' என்று சொன்ன ஒரு நிவாரண நிதி! மறுஆண்டே டிக்பி வரவையும் செலவையும் இரண்டு தொகுதிகள் கொண்ட நூலில் அடக்கி அச்சிட்டார். பஞ்சத்தில் தென்னிந்தியாவில் அரைக்கோடிப் பேர் வரை மாண்டிருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. அந்தப் பேரழிவின் முன் இந்த நிதி சிறு துளி. ஆனால் துளி எங்கே விழுந்தது என்பதற்குக் கணக்கு இருந்தது.

எழுபது ஆண்டுகளுக்குப் பின் காட்சி தில்லிக்கே திரும்புகிறது. 1941இல் ஏறத்தாழ 9.2 இலட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் 17.4 இலட்சமாயிற்று. அவர்களுள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் பிரிவினையால் இடம்பெயர்ந்து வந்தோர். தர்பார்கள் நிகழ்ந்த வடதில்லி வெளிக்கு அருகிலுள்ள கிங்ஸ்வே முகாம் நகரின் மிகப்பெரிய அகதி முகாமாயிற்று. புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறையிலும் முதலில் தஞ்சமடைந்தவர்கள், நகரைவிட்டு அஞ்சி ஓடிய தில்லி முஸ்லிம்கள். வருவோர்க்கும் போவோர்க்கும் ஒரே மழை, ஒரே குளிர்.

அந்த ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் தில்லி வந்த காந்தி பிர்லா மாளிகையில் தங்கி நாள்தோறும் மாலைப் பிரார்த்தனைக்குப் பின் பேசினார். அப்பேச்சுகள் அகில இந்திய வானொலியில் ஒலிபரப்பாயின. அக்டோபரில் குளிர் நெருங்கியபோது போர்வைகளும் மெத்தைகளும் வேண்டுமென அவர் கேட்டார். பஞ்சு மெத்தை பனியில் நனையாதிருக்க அதன் மேல் பழைய செய்தித்தாள்களைப் பரப்பிக்கொள்ளலாம் என்ற யோசனையையும் சொன்னார். கேட்டவர்கள் கொடுத்தார்கள்; வந்து சேர்ந்தவற்றைப் பற்றி அடுத்தடுத்த கூட்டங்களில் அவரே தெரிவித்தார். கேட்ட வாயே, கேட்ட இடத்திலேயே, கொடுத்தவர் முன்னிலையில் வரவு சொல்லிற்று. இதை ஒரு நிறுவனம் என்று சொல்லமுடியாது. ஆயினும் கூட்டுநிதி என்பதன் அடிப்படை இலக்கணம் இதில் முழுமையாக உள்ளது.

நிறுவனம் 1948 ஜனவரியில் பிறந்தது. பாகிஸ்தானிலிருந்து இடம்பெயர்ந்தோருக்கு உதவ நேரு விடுத்த வேண்டுகோளைத் தொடர்ந்து, பொதுமக்களின் கொடையால் பிரதமரின் தேசிய நிவாரண நிதி உருவாயிற்று. அதை நிர்வகித்த குழுவில் பிரதமர், துணைப் பிரதமர், நிதியமைச்சர், காங்கிரஸ் தலைவர், டாடா அறக்கட்டளையினரின் சார்பாளர், தொழில் வணிகக் கூட்டமைப்பின் சார்பாளர் ஆகியோர் இடம்பெற்றனர். ஆளுங்கட்சித் தலைவருக்கு அரசின் நிவாரண நிதியில் என்ன வேலை என்று இன்றைய வாசகர் வியக்கக்கூடும், வியப்பது முறையே. எனினும் அது குழுவாகவேனும் இருந்தது. 1985இல் நிதியின் நிர்வாகம் முழுவதும் பிரதமரின் விருப்புரிமைக்கு விடப்பட்டது.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பெயர் தில்லி நகராட்சி. 1863 முதல் நகரின் குப்பையையும் குடிநீரையும் இடுகாட்டையும் பார்த்துவந்த அமைப்பு அது. அகதிகள் கடை விரித்த நடைபாதைகளும் அதன் பொறுப்பிலேயே இருந்தன. ஆனால் நிவாரணம் மத்திய அமைச்சகத்துக்கும், கொடை பிரதமரின் பெயருக்கும் சென்றன. நெருக்கடி நாடு தழுவியது, தில்லி மத்திய அரசின் நேரடி ஆட்சிப் பகுதி என்பவை இதற்கு நியாயமான காரணங்களே. அந்த ஏற்பாடு நெருக்கடி தீர்ந்த பின்னும் நிலைத்துவிட்டது என்பதுதான் வரலாற்றாய்வாளர் கவனிக்கவேண்டியது.

1958 ஏப்ரலில் தில்லி மாநகராட்சி உருவானது. தனியாரிடமிருந்து கொடையாக வரும் பணத்தையும் மாநகராட்சி நிதியில் சேர்க்க அதன் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே நகராட்சி கை நீட்டக்கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தடை வேறு வடிவில் உள்ளது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில், பிரதமரின் நிதிக்கோ முதலமைச்சர் அல்லது துணைநிலை ஆளுநரின் நிவாரண நிதிக்கோ கொடுத்த தொகை முழுவதற்கும் வரிக்கழிவு உண்டு. உள்ளாட்சி அமைப்பொன்றுக்கு அறப்பணிக்காகக் கொடுத்தால் பாதித் தொகைக்கே கழிவு. அதுவும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு என்ற உச்சவரம்புக்குள். ஒரே ரூபாய், ஒரே துயரம். ரசீதில் உள்ள பெயர் மேலே செல்லச்செல்ல அதன் மதிப்பு கூடுகிறது.

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இதை மேலும் வெளிப்படையாக்கியது. தேசிய அளவிலும் மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் நிதிகள் வேண்டுமென அச்சட்டம் கூறுகிறது. தேசிய நிதிக்குத் தனிநபர்களும் நிறுவனங்களும் கொடை தரலாம் என்றும் சொல்கிறது. 41ஆம் பிரிவு, நிவாரணம், மறுவாழ்வு, மறுகட்டுமானம் ஆகியவற்றைத் தன் எல்லைக்குள் செய்யவேண்டுமென உள்ளாட்சியைப் பணிக்கிறது. அதற்கென ஒரு நிதியை மட்டும் சட்டம் ஏற்படுத்தவில்லை. சுமை உண்டு, மடிசீலை இல்லை.

2020 மார்ச் 28ஆம் நாள் இதன் பொருள் தில்லியின் கிழக்கு எல்லையில் கண்கூடாகத் தெரிந்தது. ஊரடங்கால் வேலையிழந்த தொழிலாளர் ஆயிரக்கணக்கில் ஆனந்த விஹார் பேருந்து முனையத்தில் திரண்ட அதே நாளில்தான் பிஎம் கேர்ஸ் நிதி நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. அம்மாதம் முடிய எஞ்சியிருந்த சில நாள்களுக்குள் அதில் 3,076 கோடி ரூபாய் சேர்ந்தது. யுபிஐ முகவரி ஒன்றைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்தால் போதும் என்ற நிலையில், இந்தியர் கொடுக்கத் தயங்குவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. நிறுவனங்கள் அதில் செலுத்தும் தொகை, சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்கப்படும் என அரசு உடனே தெளிவுபடுத்தியது. முதலமைச்சர் நிவாரண நிதிகளுக்கு அச்சலுகை இல்லை என ஏப்ரல் 10ஆம் நாள் விளக்கம் வந்தது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கொடுத்தால் உண்டு. உள்ளாட்சியின் பெயரோ பேச்சிலேயே இல்லை.

மே இறுதியில் தில்லி அரசு ஊழியருக்குச் சம்பளம் தரவே மத்திய அரசிடம் 5,000 கோடி ரூபாய் கேட்டது. அக்டோபரில், வடக்கு தில்லி மாநகராட்சியின் ஹிந்து ராவ் மருத்துவமனை மருத்துவர்கள் பல மாதச் சம்பளம் வராததால் போராட்டத்தில் இறங்கினர். பெருந்தொற்றுக் காலத்தில் நாட்டின் தலைநகரில் மருத்துவருக்குச் சம்பளமில்லை. அதற்குத் தில்லி அரசும், அந்நாளில் மூன்றாகப் பிரிந்திருந்த மாநகராட்சிகளும், மத்திய அரசும் ஒன்றையொன்று சுட்டிக்காட்டின.

பிஎம் கேர்ஸ் பற்றிய வழக்குகள் தில்லியிலேயே நடந்தன. அதன் பணத்தைத் தேசியப் பேரிடர் நிதிக்கு மாற்றவேண்டும் என்ற மனுவை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில், அது அரசின் நிதியன்று, அதன் பணம் இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்வதில்லை என்று அறக்கட்டளையின் சார்பில் கூறப்பட்டது. பிரதமரே தலைவர், அமைச்சர்கள் அறங்காவலர்கள், இணைய முகவரி அரசினுடையது, நிதியோ அரசினுடையதன்று. தணிக்கை செய்யப்பட்ட கணக்கு வெளியிடப்படுகிறது என்பது உண்மை. ஆனால் ஆனந்த விஹாரில் நின்றவரை அப்பணம் எந்த வழியாக எட்டியது என்று கேட்க, தகவல் அறியும் உரிமைச் சட்டம் அங்கே செல்லாது என்பதே அறக்கட்டளையின் நிலைப்பாடு.

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை வந்தபோது தில்லி மக்கள் மேலே பார்ப்பதை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்தனர். ஆக்சிஜன் உருளைக்கும் உணவுப் பொட்டலத்துக்கும் எண்ணற்ற சிறு நிதிகள் இணையத்தில் முளைத்தன. வெளிநாட்டிலிருந்தும் பணம் வரத் துடித்தது. ஆனால் முந்தைய செப்டம்பரில் திருத்தப்பட்ட வெளிநாட்டுக் கொடைச் சட்டப்படி, அத்தகைய கொடை முதலில் தில்லி நாடாளுமன்றச் சாலையிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்கிற்கே வரவேண்டும். பெற்ற அமைப்பு அதைச் சிறிய அமைப்பொன்றுக்குக் கைமாற்றக்கூடாது. கொடையாளரை அறிந்தது பெரிய அமைப்பு, தெருவை அறிந்தது சிறிய அமைப்பு. இரண்டுக்கும் நடுவே சட்டம் ஒரு சுவர் எழுப்பியிருந்தது. அதே நாள்களில் வாகன நிறுத்துமிடங்களில் சிதைமேடைகள் கட்டப்பட்டன. இறந்தோரை எரியூட்டும் இடங்களைப் பேணுவது மாநகராட்சியின் கட்டாயக் கடமைகளுள் ஒன்று.

இடையே ஒரு விதிவிலக்கைச் சொல்லவேண்டும். ரகாப் கஞ்ச் குருத்வாரா வளாகத்தில் அந்த மே மாதம் ஒரு கோவிட் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. அதை நடத்திய தில்லி சீக்கிய குருத்வாரா மேலாண்மைக் குழு, 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி வாக்கெடுப்பால் தேர்ந்தெடுக்கப்படுவது. அதற்கு வட்டாரம் உண்டு, வாக்காளர் உண்டு, உண்டியலும் உண்டு. உள்ளாட்சிக்கு முதலிரண்டு மட்டுமே உண்டு. இந்த ஒப்பீட்டை வெகுதூரம் இழுக்கக்கூடாது. சமயப் பற்று திரட்டும் பணத்தைக் குடிமைப் பற்று திரட்டுமா என்பது வேறு ஆய்வு.

அப்படியானால் மாநகராட்சி ஒரு யுபிஐ முகவரியை வெளியிட்டிருந்தால் தில்லிவாசி பணம் அனுப்பியிருப்பாரா? நேர்மையாகச் சொன்னால், பலர் அனுப்பியிருக்கமாட்டார்கள். சம்பளமே தர இயலாத அமைப்பின் பொதுக் கணக்கில் விழும் கொடை, சம்பளப் பாக்கியில் கரைந்துவிடும் என்ற அச்சம் அடிப்படையற்றதன்று. லிட்டன் தன் காரணங்களுக்காக எழுப்பிய பழைய வினாவின் மறுபக்கம் இது: அரசின் கடமையும் கொடையும் ஒரே கணக்கில் கலந்தால் இரண்டும் கெடும்.

இதற்கு 1877இல் சென்னைக்குப் பணம் அனுப்பிய மான்செஸ்டரே ஒரு விடையை வைத்திருக்கிறது. 2017 மே 22ஆம் நாள் அந்நகரின் இசை அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் மாண்டனர். நகர மன்றம், பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்துடனும் உள்ளூர் நாளிதழுடனும் சேர்ந்து உடனே இணையவழி நிதி திரட்டியது. ஆனால் பணம் மன்றத்தின் பொதுக் கணக்கிற்குப் போகவில்லை. தனி அறக்கட்டளை அமைத்து, மன்றத்தின் துணைத் தலைவரையே அதன் தலைவராக்கி, ஒரே நிகழ்வுக்கு ஒரே நிதி என வரையறுத்தனர். 2 கோடி பவுனுக்கு மேல் சேர்ந்தது. உயிரிழந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 2.5 இலட்சம் பவுன் கிடைத்தது. யாருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்தவர்கள் நகரத்துக்குள் இருந்தவர்கள். எனவே குறை கூற விரும்பியவர் எங்கே போய்க் கேட்பது என்று அறிந்திருந்தார்.

ஜப்பானின் வழி இன்னும் நுட்பமானது. அங்கு 2008 முதல், ஒருவர் தாம் விரும்பும் எந்த ஊராட்சிக்கும் கொடை தந்து அதைத் தம் வரியில் கழித்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு பரிசுப்பொருள் வேட்டையாகச் சீரழிந்தது என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனால் 2016 ஏப்ரலில் குமமோத்தோ நிலநடுக்கத்தின்போது நடந்ததைக் கவனிக்கவேண்டும். இடிபாடுகளுக்கு நடுவே நின்ற ஊராட்சிகளுக்குக் கொடை குவிந்தது. ரசீது எழுத ஆளில்லை. இபராக்கி மாநிலத்தின் சாக்காய் என்னும் சிற்றூர், அவர்கள் சார்பில் தானே இணையத்தில் கொடை பெற்று, ரசீது வழங்கும் வேலையையும் ஏற்றுக்கொண்டு, பணத்தை அனுப்பிவைத்தது. முந்தைய ஆண்டு செப்டம்பரில் சாக்காயும் வெள்ளத்தில் மூழ்கிய ஊர். வெள்ளத்துக்குப் பின் வரும் காகிதச் சுமை எப்படிப்பட்டதென அது அறிந்திருந்தது.

இந்தியாவில் முன்மாதிரிகளே இல்லை எனக் கூறமுடியாது. 2018 வெள்ளத்தில் கேரள முதலமைச்சரின் பேரிடர் நிவாரண நிதி, ஆகஸ்ட் முடிவதற்குள் 1,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதன் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் கேட்கலாம். ஆயினும் அதுவும் மாநிலத்தின் நிதி. ஊருக்கு நெருங்கி வருவது தமிழ்நாட்டின் நமக்கு நாமே திட்டம். 1997இல் தொடங்கி இடையில் நின்று 2021இல் மீண்டும் வந்த அத்திட்டத்தில், மக்கள் ஒரு பங்கைத் தந்தால் எஞ்சியதை அரசு தந்து உள்ளாட்சி வழியே பணி நடக்கிறது. குளம், பள்ளிக் கட்டடம், பூங்கா என நிலையான பணிகளுக்கே அது உரியது. பேரிடருக்கு அதை நீட்டிப்பது பற்றி இதுவரை விரிவான பேச்சு எழுந்ததாகத் தெரியவில்லை.

2023 ஜூலை 13ஆம் நாள் தில்லியில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. 1978இன் உச்சத்தையும் அது கடந்தது. கரையோரத்து உழவரும் தொழிலாளரும் மேம்பாலங்களின் அடியில் பிளாஸ்டிக் விரிப்புக்குள் தங்கினர். பாதிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தரப்படும் எனத் தில்லி அரசு அறிவித்தது. முந்தைய ஆண்டில் மீண்டும் ஒன்றாக்கப்பட்ட மாநகராட்சிக்கு அப்போது புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தது. 2025இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் திருத்தப்பட்டபோது, மாநிலத் தலைநகரங்களிலும் மாநகராட்சி உள்ள பெருநகரங்களிலும் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்கலாம் என்ற புதிய பிரிவு சேர்ந்தது. மாநகராட்சி ஆணையரே அதன் தலைவர். அந்தப் பிரிவின்படி சென்னைக்கு அத்தகைய ஆணையம் அமையலாம், மதுரைக்கும் அமையலாம். இரண்டு ஆட்சிப்பகுதிகளை மட்டும் அப்பிரிவு பெயர் சொல்லி விலக்குகிறது. ஒன்று சண்டிகர், மற்றொன்று தில்லி.